இன்னும் இருப்பவர்கள் பட்டியல்

செங்கம் ரோட்டில் எங்கள் கடைக்குள் மூன்று தொழில்கள் நடந்தன. வாசலில் அண்ணனுடைய எஸ்.டி.டி. பூத். அதை ஒட்டி ஜெராக்ஸ் மிஷின். உள்ளே, சுவரைப் பார்த்த மேசையில், கம்ப்யூட்டரும் நானும். வேலூரில் ஒரு வருட டிப்ளமோ முடித்திருந்தேன். மற்ற வகுப்புகளில் இடம் நிரம்பிவிட்டதால், கட்டளைகளை அடித்தே கம்ப்யூட்டரை ஓட்டுகிற யூனிக்ஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தவள் நான். விரும்பி எடுத்ததாகப் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். படமோ நிறமோ இல்லாத கறுப்புத் திரையில், வெள்ளை எழுத்துகளாகத்தான் என் வேலை முழுவதும் நடக்கும். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் ரிப்பேருங்களா?" என்று கேட்பார்கள். முதல் வருடம் விளக்கம் சொன்னேன். அப்புறம் ஆமாம் என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் மலையையும் ஆசிரமங்களையும் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வருவது அதிகமானது. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்திலெல்லாம் வெள்ளையடித்த அறையும் ஷவர் வைத்த குளியலறையும் முளைத்தன. வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் தங்கவைத்தால் ஒரு நாளுக்குள் போலீசில் படிவம் கொடுக்க வேண்டும். அவர் கிளம்பியதும் அதற்கு ஒரு சீட்டு. வீட்டுக்காரர்கள் கையால் எழுதிக் கொடுத்தார்கள், அல்லது கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யாருக்கு விசா முடிந்துவிட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கடைசியில் வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். படிவத்தின் நகல் ஒன்றை எங்கள் கடையில் கொடுப்பது. நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மாதாமாதம் பட்டியல் போட்டுத் தருவது.

மற்றவர்களாக இருந்தால் கட்டம் கட்டமாக ஏதாவது மென்பொருளில் செய்திருப்பார்கள். நான் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு வைத்துக்கொண்டேன். ஒரு ஆளுக்கு ஏழு வரி. இடது பக்கம் தலைப்பு, நடுவில் சமக்குறி, வலது பக்கம் விவரம். பெயர், நாடு, பாஸ்போர்ட், வீடு, வந்தது, விசா, போனது. எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் வார்த்தைகள். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி. அவ்வளவுதான்.

இதை வடிகட்ட மூன்று ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். நாலைந்து வரிக் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரை அடித்தவுடன் எல்லாம் வரிசையாக ஓடும். அதுதான் ஸ்கிரிப்ட். முதலாவதின் பெயர் 'இருக்கா'. போனது என்ற தலைப்புக்கு வலது பக்கம் காலியாக இருக்கிற ஆட்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களைக் கீழே விட்டுவிடும். இரண்டாவது 'முடியுது'. இருக்கிறவர்களில் இந்த மாதம் விசா முடிகிறவர்களையும் ஏற்கெனவே முடிந்துபோனவர்களையும் எடுத்துக் கொடுக்கும். மூன்றாவது 'தேடு'. ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் இருக்கிற ஆளை மட்டும் காட்டும். ஒரு சல்லடையில் நின்றதை அடுத்த சல்லடையில் கொட்டுவது, யூனிக்ஸ்காரர்களின் மொத்த ஞானமும் அதுதான்.

அந்தக் கோப்பில் எனக்குக் கர்வம் இருந்தது. நாடு என்ற இடத்தில் 'வெள்ளைக்கார நாடு' என்று எழுதிக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வந்த தேதிக்குப் பதிலாக 'பௌர்ணமிக்கு மறுநாள்' என்று எழுதியவரிடம் எந்தப் பௌர்ணமி என்று கேட்டு வாதாடியிருக்கிறேன். "தங்கச்சி ரொம்ப கறாருப்பா" என்று அண்ணனிடம் புகார் போகும். அண்ணன் சிரித்துக்கொண்டே மீட்டரைப் பார்ப்பார். கறாராக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த ஜெர்மன் அம்மா வந்தது ஒரு கோடைக்காலக் காலையில். அறுபது வயது இருக்கும். பெரிய ஷூ, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பை. ரோட்டில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கடையில் எல்லார் பெயரும் இருக்கிறது என்று யாரோ கைகாட்டி விட்டிருக்கிறார்கள். மகனைத் தேடி வந்திருந்தார். பத்து மாதமாகக் கடிதம் இல்லை. கடைசிக் கடிதத்தில் எங்கள் ஊரையும் ரிஷிகேசத்தையும் பற்றி எழுதியிருந்தாராம். தோன்றினால் வருவான், விடு என்று அவனுடைய அப்பா சொல்லிவிட்டார், என்னால் விட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அழவில்லை. ஒரு படம் காட்டினார். மழமழவென்று சவரம் செய்த முகம். எங்கள் ஊருக்கு வந்த மூன்றாவது வாரம் எல்லோருக்கும் தாடி வந்துவிடும், அதனால் படத்தால் பயனில்லை என்று நான் சொன்னேன். லேசாகச் சிரித்தார்.

ஒரு காகிதத்தில் பெயரை எழுதினார். குடும்பப்பெயர் முதலில், பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு. ஒரு கமா. அதன் பிறகு சின்னதாக மகனின் பெயர்.

"அவன் பெயரில் தேடாதீர்கள். அவன் வகுப்பிலேயே அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள். குடும்பப்பெயரில் தேடுங்கள். அது எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் உண்டு. அது இருந்தால் அவன்தான்," என்றார்.

'தேடு' என்று அடித்து, பக்கத்தில் குடும்பப்பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. இந்த மாதிரிக் கட்டளை, தேடியது கிடைக்கவில்லை என்று வாய் திறந்து சொல்லாது. சும்மா அடுத்த வரிக்குப் போய் நிற்கும். எழுத்துப்பிழை இருக்குமோ என்று பாதிப் பெயரை மட்டும் போட்டுத் தேடினேன். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று பார்க்காமல் தேடச் சொன்னேன். அப்போதும் வெறும் வரி.

"இல்லை," என்றேன்.

"நிச்சயமாகவா?"

நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "இந்த ரோட்டிலிருந்து அடி அண்ணாமலை வரை எந்த வீட்டில் தங்கியிருந்தாலும் இதில் இருக்கும். இதில் இல்லை என்றால் அவர் இந்த ஊரில் தங்கவில்லை."

அந்த அம்மா காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்படியானால் ரிஷிகேசம்தான் என்றார். அங்கே தங்கப்போகிற விடுதியின் போன் நம்பரை அதே காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே கிளம்பிப் போனார். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கூடவே, ஒரு நிமிஷத்தில் தெளிவான பதில் கொடுத்துவிட்ட திருப்தியும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன என்பதை இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இருபது நாள் கழித்து மாதப் பட்டியல் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. பிரிண்டர் கரகரவென்று தள்ளிய தாளை மடித்துக்கொண்டே பெயர்களைப் பார்த்தேன். எல்லாப் பெயரும் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் பெயர். பிரெஞ்சுக்காரர், இத்தாலிக்காரர், அமெரிக்கப் பெண் எல்லோரும் எங்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வருகிற மாதிரி இனிஷியலோடு வரிசையாக நின்றார்கள்.

நான்தான் அப்படிச் செய்திருந்தேன். கோப்பைத் தொடங்கிய நாட்களில் வெளிநாட்டுப் பெயர்கள் நீளமாக இருந்து, பிரிண்ட் எடுத்த பட்டியலில் பத்திகளை உடைத்துக்கொண்டு போயின. வந்த தேதி விசாவுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அதனால் விவரங்களைக் கோப்பில் ஏற்றுவதற்கென்று வைத்திருந்த இன்னொரு ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: பெயரின் கடைசி வார்த்தையை எடு, அதன் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொள், புள்ளி வைத்து முன்னால் கொண்டுவா. யோசித்துச் செய்ததுகூட இல்லை. நம்மில் எல்லோருக்கும் அப்படித்தானே. பெயர் என்றால் சொந்தப் பெயர். மற்றது அப்பா பெயர், அதற்கு ஓர் எழுத்து போதும். ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அப்படித்தான் எழுதுகிறோம். சில ஊர்களில் அந்தக் கடைசி வார்த்தைதான் ஆளையே அடையாளம் காட்டுகிற பெயர் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மாதாமாதம் பட்டியலை வாங்கிப்போன வீட்டுக்காரர்கள் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. பட்டியல் பார்க்க அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

ஆக, என் கோப்பில் யாருடைய குடும்பப்பெயரும் கிடையாது. நானே வெட்டிப் போட்ட ஒன்றை நானே தேடி, இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டர் சொன்னது சரிதான்; அந்தப் பெயர் இல்லை. அதை அந்த ஆள் இல்லை என்று மாற்றிச் சொன்னது நான்.

இனிஷியல், மகனின் பெயர், ஜெர்மனி என்று மூன்றையும் சேர்த்துத் தேடினேன். ஒரே ஒரு ஆள் வந்தார். வீடு, அடி அண்ணாமலை. போனது, காலி. மேசைக்கடியில் இருந்த படிவ நகல் கட்டை இழுத்துப் பிரித்தேன். நீல மையில், பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதிய முழுப் பெயர் அங்கே இருந்தது.

"அண்ணா, அடி அண்ணாமலை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"பிரிண்ட் பாதில நிக்குதே?"

"நிக்கட்டும்."

சைக்கிளில் அரைமணி நேரம். வழி முழுக்க அவரிடம் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்கள் அம்மா வந்திருந்தார். தப்பு என்னுடையது. போன் நம்பர் இதோ. போன் செய்ய எங்கள் கடைக்கே வரலாம்.

வீட்டுக்கார அக்கா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க வீட்ல ஜெர்மன்காரர் ஒருத்தர் இருக்காரில்ல?"

"இருந்தாரும்மா. கெளம்பிட்டாரே."

"எப்பக்கா?"

"பத்து நாளு இருக்கும். பாவம், மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசமா பாயே கதின்னு கெடந்தாரு. கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து குடுத்தோம். உப்பு கம்மி, எண்ணெய் கெடையாது. எழுந்து நடக்க ஆரம்பிச்சாரு, கெளம்பிட்டாரு."

"எங்கன்னு சொன்னாரா?"

"வடக்கன்னாரு. அவ்ளோதான் தெரியும்."

"கெளம்பின சீட்டு எனக்கு வரலையேக்கா."

"போலீஸ்ல அன்னைக்கே குடுத்தாச்சும்மா. உன்னுது உள்ள வெச்சிருக்கேன். கடலை புடுங்கற நேரம், டவுனுக்கு யாரு வரது?" உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதனா தப்பாம்மா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். இருபது நாளுக்கு முன்னால் அவருடைய அம்மா என் கடைக்கு வந்ததை, நான் இல்லை என்று சொன்னதை. அக்கா கடலை முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அப்ப ஜுரம் ஜாஸ்தியா இருந்த நேரம். அம்மாவத்தான் கூப்ட்டுனு கெடந்தாரு. அவரு பேசனதுல அந்த ஒரு வார்த்ததான் எங்களுக்கு வெளங்குச்சு," என்றார்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். ஏறி உட்காரத் தோன்றவில்லை.

போன் செய்யாமல் விட்டுவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. மகன் வடக்கே போயிருக்கிறார். அம்மாவும் வடக்கேதான் இருக்கிறார். தற்செயலாக எங்காவது எதிர்ப்பட்டால் உண்டு. நான் போன் செய்தால் அவர் தெற்கே வந்துவிடுவார். முதல் தடவை இங்கிருந்து தவறாக அனுப்பினேன், இரண்டாவது தடவை அங்கிருந்து தவறாக இழுப்பேன். செய்யாவிட்டால், தப்பை மறைத்ததாக ஆகும். எது அவருக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்லிவிடுவது என்று மட்டும் முடிவெடுத்தேன். விடுதியில் மூன்று நாள் அவர் இல்லை என்றார்கள். நாலாவது நாள் லைனில் வந்தார்.

"உங்கள் மகன் இங்கே இருந்தார்," என்றேன்.

"இருந்தாரா?" என்று அந்த இறந்தகாலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன் கிளம்பியதைச் சொன்னேன். வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் வந்தார். படிவத்தையும் சீட்டையும் திரையில் மகனின் ஏழு வரிகளையும் காட்டினேன். ஏன் கிடைக்கவில்லை என்பதை விளக்குவதற்காக என் பெயரையும் என் இனிஷியலையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எங்கள் ஊரில் அப்பா பெயரை இப்படித்தான் ஓர் எழுத்தாக்குவோம் என்றேன். அவர் அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். முதல் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தது, அதன் பிறகு அவருடைய மொழியில். ஐந்து நிமிஷம் இருக்கும். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் வேலையை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் பூத்திலிருந்து எழுந்து வந்தார். வர வேண்டாம் என்று கைகாட்டினேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் எல்லாம் எனக்கு உரியதுதான் என்று தெரிந்தது. முடிந்ததும் அண்ணன் வரவழைத்த டீயை மறுக்காமல் குடித்தார்.

"அந்த அறை காலியாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. மகன் ஒரு போர்வையையும் ஒரு ஜோடி செருப்பையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பி வரும் எண்ணம் இருப்பவன்தான் செருப்பை விட்டுப்போவான் என்றார் அந்த அம்மா. பிய்ந்த செருப்பைத்தான் எங்கள் ஊரில் விட்டுப்போவார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அந்த அறையிலேயே தங்கிவிட்டார்.

நான் ஸ்கிரிப்டில் அந்த வரியை நீக்கினேன். குடும்பப்பெயர் என்று எட்டாவதாக ஒரு தலைப்பு சேர்த்தேன். முதலில் ஏற்றியது அந்த அம்மாவைத்தான். பிறகு மகனை. அதற்குப் பிறகு மேசைக்கடியில் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லோருக்கும் முழுப் பெயரைப் போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆனது. இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பட்டியல் இப்போது பார்க்கக் கன்னாபின்னாவென்று இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் குறைப்பட்டார்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை அந்த அம்மா கடைக்கு வருவார். பின்னால் நின்றுகொள்வார். குடும்பப்பெயரைப் போட்டுத் தேடுவேன். இரண்டு பேர் வருவார்கள். அதை 'இருக்கா'வில் ஊற்றினால் மகன் விழுந்துவிடுவார், அம்மா மட்டும் நிற்பார். புதிதாக ஒருவர் வந்திருக்கிறாரா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. பார்த்துவிட்டுத் தலையசைப்பார். டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில் அக்காவுக்குச் சரியாக உட்கார்ந்து கடலை உரிப்பதாகவும் கேள்விப்பட்டேன். என்னிடம் கோபமாக இருந்தாரா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை, பயமாக இருந்தது.

சில மாதம் கழித்து 'முடியுது' ஓட்டியபோது அந்த அம்மாவின் பெயர் வந்தது. ஆறு மாத விசா. மகன் வரவில்லை. தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது.

கிளம்புகிற அன்று அக்காவும் அவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். கிளம்பின சீட்டை அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்தது அக்கா அந்த ஒரு தடவைதான். வாங்கி, போனது என்ற தலைப்புக்குப் பக்கத்தில் தேதியை அடிக்கப்போனேன். அந்த அம்மா என் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார்.

"போலீசில் கொடுத்தாயிற்று. அது சட்டம். உங்கள் கோப்பில் போடாதீர்கள்," என்றார். "அவன் வந்து கேட்டால் நான் இருக்கிறேன் என்று வரட்டும்."

அது சரியான தகவல் இல்லையே என்று வாய் வரை வந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் என்று எழுதியவரோடு சண்டை போட்டவள் நான். அதைச் சொல்லாமல், மாதாமாதம் விசா முடிந்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் வருமே, வீட்டுக்காரர்கள் கேட்பார்களே என்றேன்.

"அதைத் தள்ளிவிட ஒரு வரி எழுத உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எழுதினேன். இந்தப் பாஸ்போர்ட் நம்பர் இருந்தால் 'முடியுது'வில் மட்டும் விட்டுவிடு. ஒரே வரி. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பட்டியலையும் ஓட்டிக் காட்டச் சொன்னார். ஒன்றில் அவர் இல்லை, இன்னொன்றில் இருந்தார். அக்காவின் தோளைத் தொட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அதற்குப் பிறகும் சில வருடம் அந்தக் கோப்பை வைத்திருந்தேன். கடையை பிரவுசிங் சென்டராக மாற்றிய போது, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் 'இருக்கா'வைக் கடைசியாக ஒருமுறை ஓட்டினேன். அடி அண்ணாமலை வீட்டுக்கு நேராக அந்த அம்மாவின் பெயர் வந்தது, முழுப் பெயராக. அவரைக் கேட்டுக்கொண்டு யாரும் வந்திருக்கவில்லை.